பெயருக்கு முன்னால் ஒரு 'தி'!

செக் திரும்பி வந்துவிட்டது!

சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. பல் துலக்கிக்கொண்டு வாசலுக்கு வந்தால், நண்பர் ஒருவர் நின்றுகொண்டிருக்கிறார். பீன்யாவில் ஒரு பட்டறையில் ஃபிட்டர். திருவண்ணாமலைப் பக்கத்துக்காரர். ஸ்ரீராமபுரத்தில் எங்கள் சந்திலேயே நாலாவது வீடு. கையில் ஒரு செக். அதோடு பாங்கில் பின் குத்தி அனுப்பிய துண்டுச் சீட்டு.

"அண்ணே, நீங்க எழுதிக் குடுத்த செக்தான். திருப்பிட்டாங்க" என்றார்.

எங்கள் சந்தில் இங்கிலீஷ் ஃபாரம் எதுவானாலும் என்னிடம்தான் வரும். நான் ரயில்வேயில் குமாஸ்தா. படித்தது பத்தாவதுதான். ஆனாலும் பேனா பிடிக்கிறவன், பத்திரிகைக்குச் செய்தி அனுப்புகிறவன் என்று ஒரு மரியாதை. ரேஷன் கார்டு, பள்ளிக்கூட விண்ணப்பம், பாங்க் சலான் எல்லாம் எழுதிக் கொடுத்திருக்கிறேன். இதுவரை எதுவும் திரும்பி வந்ததில்லை.

சீட்டைப் பார்த்தேன். 'பெயர் பொருந்தவில்லை' என்று காரணம் போட்டிருந்தது. பணம் வாங்க வேண்டியது ஒரு தொழிலாளர் கூட்டுறவு சொசைட்டி. பாஸ் புக்கைக் கொண்டுவரச் சொல்லி, எழுத்து எழுத்தாக ஒப்பிட்டுப் பார்த்தேன். எல்லாம் சரியாகத்தான் இருந்தது, ஒன்றே ஒன்றைத் தவிர. சொசைட்டியின் பெயர் 'தி' என்று தொடங்குகிறது. நான் அந்த 'தி'யை விட்டுவிட்டேன்!

இங்கிலீஷில் மூன்றே எழுத்து. டி, எச், இ.

எல்லா பாங்கிலும் இதற்காகத் திருப்புவார்கள் என்று நான் சொல்லமாட்டேன். பல இடங்களில் கண்டுகொள்ளவே மாட்டார்கள். அன்றைக்கு அந்த நாற்காலியில் இருந்தவர் கண்டுகொண்டார், அவ்வளவுதான். செக்கில் பெயரைத் திருத்தி எழுதவும் இப்போது வழி கிடையாது. புதுச் செக்தான் எழுத வேண்டும். அதற்குள் தவணைத் தேதி போய்விட்டது. பாங்க் ஒரு கட்டணம் பிடித்துக்கொண்டது. சொசைட்டி அபராத வட்டி போட்டது.

அதோடு போனாலும் பரவாயில்லை. கடனுக்கு ஜாமீன் கையெழுத்துப் போட்டவருக்கும் ஒரு நோட்டீஸ் போய்விட்டது! அவர் தர்மபுரிக்காரர். அதே பட்டறையில் லேத் ஓட்டுகிறவர். ஒன்பது வருஷமாக இருவரும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து சாப்பிடுகிறவர்கள். நோட்டீஸ் வந்த மறுநாள் அவர் சாப்பாட்டுத் தூக்கை எடுத்துக்கொண்டு தனியாகப் போய் உட்கார்ந்துவிட்டாராம்.

"பணம் போனாப் போவட்டும் அண்ணே. அவன் என்னை ஏமாத்துக்காரன்னு நெனச்சுட்டான்" என்றார் நண்பர்.

எனக்குத் தொண்டை அடைத்தது. தவறு என்னுடையது அல்லவா?

தந்தி இங்கிலீஷ்

நான் ஏன் அதை விட்டேன்? யோசித்துப் பார்த்தால் காரணம் இரண்டு.

முதல் காரணம் நம் தமிழ். நம் மொழியில் இந்தச் சொல்லே கிடையாது. 'காவேரி ஓடுகிறது' என்றால் போதும். காவேரிக்கு முன்னால் ஒன்றும் ஒட்ட வேண்டியதில்லை. ஒரு பொருளைச் சுட்டிக் காட்ட வேண்டுமானால் 'அந்த' என்கிறோம். ஆனால் 'அந்த'வும் 'தி'யும் ஒன்றல்ல. 'அந்த முருகன் வந்தானா?' என்று கேட்டால், கேட்கிறவருக்கு முருகன் மேல் ஏதோ கோபம் என்று அர்த்தமாகிவிடும்!

இரண்டாவது காரணம் ரயில்வே. தந்தி அடித்த காலத்தில் வார்த்தைக்கு இவ்வளவு என்று காசு. 'தி' என்று எழுதினால் அதுவும் ஒரு வார்த்தை. காசு கொடுத்து யார் எழுதுவார்கள்? ஆகவே தந்தியில் 'தி' இருக்காது. ஸ்டேஷனுக்கு ஸ்டேஷன் போகும் செய்திகளும் அதே பாணிதான். பொதுமக்களுக்கான தந்தி 2013 ஜூலையில் நின்றுபோயிற்று. ஆனால் அந்தத் தந்தி இங்கிலீஷ் எங்கள் ஆபீசில் இன்னும் உயிரோடு இருக்கிறது. சீனியர்கள் எழுதியதைப் பார்த்துத்தானே நாங்கள் எழுதக் கற்றுக்கொண்டோம்?

செக் சம்பவத்துக்குப் பிறகு நான் நேர் எதிர்ப்பக்கம் சாய்ந்தேன். எங்கே பார்த்தாலும் 'தி' போட ஆரம்பித்தேன். ஒரு கடிதத்தில் 'தி ஜோலார்பேட்டை' என்று எழுதிவிட்டேன். மேலதிகாரி சிவப்பு மையால் வட்டம் போட்டு, பக்கத்தில் ஒரு கேள்விக்குறியும் போட்டு அனுப்பினார். ஆபீசில் இரண்டு நாள் எனக்கு அதுதான் பெயர். "தி ஜோலார்பேட்டை வந்தாச்சா?" என்று கேட்பார்கள்.

இது சரிப்படாது என்று அல்சூரில் இருக்கும் ஒரு பெரியவரைத் தேடிப் போனேன். இங்கிலீஷ் வாத்தியாராக இருந்து ரிட்டயர் ஆனவர். அட்டை கிழிந்து, தைத்து, மறுபடி கிழிந்த ஒரு ரென் அண்ட் மார்ட்டின் இலக்கணப் புத்தகம் வைத்திருக்கிறார். விஷயத்தைக் கேட்டுவிட்டு அவர் புத்தகத்தைத் திறக்கவே இல்லை.

"ரெண்டு 'தி' இருக்கு தம்பி. ஒண்ணு இலக்கணம் போடுற 'தி'. இன்னொண்ணு சொந்தக்காரன் போடுற 'தி'. நீ ரெண்டையும் ஒண்ணுன்னு நெனச்சுட்டே" என்றார்.

அன்று மாலை ஏழு மணி வரை நான் அங்கிருந்து எழுந்திருக்கவில்லை. கேட்டதில் எனக்குப் புரிந்ததை இங்கே எழுதுகிறேன். ஃபாரம் எழுதிக் கொடுக்கும் என்னைப் போன்றவர்களுக்கும், எழுதித் தரச் சொல்லிக் காத்து நிற்கிறவர்களுக்கும் உதவும்.

ஊருக்கு வேண்டாம், ஆற்றுக்கு வேண்டும்

முதலில் இலக்கணம் போடும் 'தி'.

ஒரு ஊர், ஒரு தெரு, ஒரு பார்க், ஒரு ஏரி, தனியாக நிற்கும் ஒரு மலைச்சிகரம் இவற்றுக்கெல்லாம் 'தி' வேண்டாம். பெங்களூர், பிரிகேட் ரோடு, கப்பன் பார்க், அல்சூர் ஏரி, தொட்டபெட்டா எல்லாமே வெறும் பெயராகத்தான் நிற்கும்.

ஆற்றுக்கு வேண்டும். 'தி காவேரி', 'தி அர்க்காவதி', 'தி பாலாறு'. கடலுக்கும் வேண்டும். வரிசையாக நிற்கும் மலைத்தொடருக்கும், கூட்டமாக இருக்கும் தீவுகளுக்கும் வேண்டும். 'தி வெஸ்டர்ன் காட்ஸ்', 'தி அந்தமான்ஸ்', 'தி மால்டீவ்ஸ்'. பெயர் பன்மையாக இருந்தால் பெரும்பாலும் 'தி' வரும் என்று வைத்துக்கொள்ளலாம்.

கோலார் தங்கவயலை எடுத்துக்கொள்ளுங்கள். நம்மில் எத்தனையோ பேருடைய தாத்தா அங்கே சுரங்கத்தில் இறங்கியவர். முழுப் பெயரை எழுதினால் 'தி கோலார் கோல்ட் ஃபீல்ட்ஸ்'. ஃபீல்ட்ஸ் என்று பன்மை வருகிறது அல்லவா? அதையே கே.ஜி.எஃப். என்று சுருக்கினால் 'தி' உதிர்ந்துவிடும். அது ஒரு ஊர்ப்பெயர் ஆகிவிடுகிறது. சுரங்கம் 2001-ல் மூடப்பட்டது. ஊர்ப்பெயர் நிற்கிறது.

ரயில்வண்டிக்கு 'தி' உண்டு. ஸ்டேஷனுக்குக் கிடையாது! 'தி பிருந்தாவன் எக்ஸ்பிரஸ்', 'தி பெங்களூர் மெயில்' என்று வாக்கியத்தில் எழுத வேண்டும். ஆனால் வண்டி வந்து நிற்பது வெறும் 'பெங்களூர் கண்டோன்மென்ட்'டில். இதில் ஒரு வேடிக்கை. ஸ்டேஷன் பெயராக இல்லாமல், அந்தப் பகுதியைப் பொதுவாகச் சொன்னால் 'தி கண்டோன்மென்ட்'. ஏனென்றால் கண்டோன்மென்ட் என்பது பட்டாளம் தங்கும் இடம் என்ற பொதுச் சொல். 1809-ல் இங்கிலீஷ்காரன் பட்டாளத்தை ஸ்ரீரங்கப்பட்டணத்திலிருந்து பெங்களூருக்கு மாற்றினான். அந்தப் பட்டாளத்தோடு வந்தவர்கள்தான் நம்மவர்களில் பழைய குடிகள். நம் பெரியவர்கள் 'தண்டு' என்றார்கள். தண்டு மாரியம்மன் கோயில் பெயரில் அது இன்னும் இருக்கிறது. 1864-ல் ஜோலார்பேட்டையிலிருந்து ரயில் வந்து சேர்ந்ததும் அந்தத் தண்டுக்குத்தான்.

மெஜஸ்டிக் கதை இன்னும் ருசியானது. தமிழ்நாட்டிலிருந்து பஸ்ஸில் வந்து இறங்கும் எல்லோரும் மெஜஸ்டிக்கை அறிவார்கள். அந்தப் பெயர் அங்கே இருந்த ஒரு சினிமாக் கொட்டகையால் வந்தது. இங்கிலீஷில் சினிமாக் கொட்டகை, ஓட்டல் இவற்றின் பெயருக்கு 'தி' போடுவது வழக்கம். ஆகவே கொட்டகை 'தி மெஜஸ்டிக்'. ஆனால் அதைச் சுற்றியுள்ள பேட்டைக்கு வெறும் 'மெஜஸ்டிக்'. பெயர் கொட்டகையிலிருந்து தெருவுக்கு இறங்கி வந்தபோது 'தி'யை உள்ளேயே விட்டுவிட்டு வந்துவிட்டது!

'ஆஃப்' என்ற சொல் நடுவில் வந்தால் 'தி' முன்னால் வரும் என்பது இன்னொரு வழி. 1916-ல் தொடங்கியது 'தி யுனிவர்சிட்டி ஆஃப் மைசூர்'. 1964-ல் தொடங்கியது 'பெங்களூர் யுனிவர்சிட்டி'. இரண்டும் பல்கலைக்கழகம்தான். முன்னதில் 'ஆஃப்' இருக்கிறது, பின்னதில் இல்லை.

தொழிற்சாலைகளில் வேலை செய்கிறவர்கள் கவனிக்க வேண்டும். ஹெச்.ஏ.எல்., பி.இ.எல். இவற்றுக்கு 'தி' கிடையாது. 'தி ஹெச்.ஏ.எல்.' என்று விண்ணப்பத்தில் எழுதுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன், வேண்டாம். ஆனால் நாம் டாட்டா இன்ஸ்டிடியூட் என்று சொல்கிறோமே, 1909-ல் தொடங்கிய அந்த 'இந்தியன் இன்ஸ்டிடியூட் ஆஃப் சயன்ஸ்', அதற்கு வாக்கியத்தில் 'தி' உண்டு.

இவ்வளவும் கேட்டபோது எனக்குத் தலை சுற்றியது. "இதுக்கு ஒரே விதியா எதுவும் இல்லையா சார்?" என்று கேட்டேன்.

"நம்ம ஊர்ல மாமனாரை மாமான்னு கூப்பிடறோம், தாய்மாமனையும் மாமான்னு கூப்பிடறோம். ஏன்னு வெள்ளைக்காரன் கேட்டா என்ன சொல்லுவே? பழகினாத்தான் வரும்" என்றார் பெரியவர்.

ஒரு பெயர், இரண்டு அரசாங்கம்

நாடுகளுக்கும் மாகாணங்களுக்கும் வந்தால் விஷயம் கொஞ்சம் சூடு பிடிக்கிறது. இங்கிலீஷில் ஒரு நிலப்பகுதியைச் சொல்லும்போது 'தி' வரும். 'தி டெக்கான்', 'தி கொங்கண்' என்பதுபோல. ஒரு ராஜ்யத்தின் பெயராகச் சொன்னால் 'தி' போய்விடும்.

18-ம் நூற்றாண்டுக் கடிதங்களில் இங்கிலீஷ்காரர்கள் ஆற்காட்டு நவாபை 'நவாப் ஆஃப் தி கர்நாடிக்' என்று எழுதினார்கள். எது அந்தக் கர்நாடிக்? ஆற்காட்டைச் சுற்றியுள்ள நம் தமிழ்ச் சீமையே பெரும்பகுதி! 1973 நவம்பர் 1-ந் தேதி மைசூர் ராஜ்யம் கர்நாடகம் என்று பெயர் மாறியது. அதற்கு 'தி' இல்லை. 'தி'யோடு சொன்னால் ஆற்காடு. 'தி' இல்லாமல் சொன்னால் பெங்களூர். பிழைக்க வந்த இடமும் விட்டு வந்த இடமும் ஒரே பெயரில்!

பஞ்சாப்பைப் பாருங்கள். ஐந்து ஆறுகள் பாயும் நிலம் என்று பொருள். ஆகவே வெள்ளைக்காரன் காலத்தில் 'தி பஞ்சாப்'. 1947-ல் நாடு பிரிந்தபோது பஞ்சாபும் பிரிந்தது. நம் பக்கத்துப் பஞ்சாப் அரசாங்கம் 'கவர்ன்மென்ட் ஆஃப் பஞ்சாப்' என்று எழுதுகிறது. பாகிஸ்தான் பக்கத்து அரசாங்கம் இன்றும் 'கவர்ன்மென்ட் ஆஃப் தி பஞ்சாப்' என்றே எழுதுகிறது. எல்லைக்கோடு போட்ட பிறகு 'தி' அந்தப் பக்கம் போய்விட்டது.

உக்ரைனுக்கு முன்பெல்லாம் இங்கிலீஷ் பத்திரிகைகள் 'தி உக்ரைன்' என்றுதான் எழுதின. 1991-ல் அது தனிநாடானது. 'தி' போட்டால் ஏதோ பெரிய நாட்டின் ஒரு பகுதி என்பதுபோல இருக்கிறது, நாங்கள் ஒரு நாடு என்று அவர்கள் சொன்னார்கள். பத்திரிகைகளும் 'தி'யை எடுத்துவிட்டன. இப்போது யாராவது பழைய பழக்கத்தில் போட்டுவிட்டால் அந்த நாட்டுக்காரர்கள் முகம் சுளிக்கிறார்கள். மூன்று எழுத்துக்காக மனம் வருந்துகிறவர்கள் பீன்யாவில் மட்டும் இல்லை.

இதற்கு நேர்மாறு ஆப்பிரிக்காவில் இருக்கும் காம்பியா. 1965-ல் சுதந்திரம் பெற்ற சின்ன நாடு. ஒரு ஆற்றின் இரு கரையும்தான் நாடே. ஆற்றின் பெயர்தான் நாட்டுக்கும். அவர்கள் 'தி காம்பியா' என்றுதான் எழுத வேண்டும், 'தி'யைப் பெரிய எழுத்தில் போட வேண்டும் என்கிறார்கள். 1964-ல் ஸாம்பியா என்று வேறொரு நாடு வந்துவிட்டது. இரண்டு பெயரும் காதில் ஒன்றுபோல விழுகிறது. குழம்பக் கூடாது என்பதும் அதற்கு ஒரு காரணம். பஹாமாஸ் தீவுக்காரர்களும் அப்படித்தான். 'தி' அவர்கள் பெயரின் உறுப்பு.

ஒருவர் எடு என்கிறார். ஒருவர் போடு என்கிறார். இரண்டிலும் இலக்கணத்துக்கு வேலையில்லை. இதுதான் பெரியவர் சொன்ன 'சொந்தக்காரன் போடுற தி'.

பலகையைப் பார்!

நம் நாட்டில் சொந்தக்காரன் போட்ட 'தி' எத்தனை இருக்கிறது என்று தேட ஆரம்பித்தால் பொழுது போவது தெரியாது.

1973 முதல் பொது இன்ஷூரன்ஸ் தொழில் அரசாங்கத்தின் கையில் வந்து, நான்கு கம்பெனிகள் ஆயின. மோட்டார் வண்டி வைத்திருக்கிறவர்களுக்கு நான்கும் தெரிந்திருக்கும். அவற்றில் 'தி நியூ இந்தியா அஷ்யூரன்ஸ்', 'தி ஓரியண்டல் இன்ஷூரன்ஸ்' இரண்டுக்கும் முன்னால் 'தி' உண்டு. 'நேஷனல் இன்ஷூரன்ஸ்', 'யுனைடெட் இந்தியா இன்ஷூரன்ஸ்' இரண்டுக்கும் கிடையாது. இதை எந்த இலக்கணத்தைக் கொண்டு கண்டுபிடிக்க முடியும்? பாலிசியின் தலைப்பைப் பார்த்தால்தான் தெரியும். பாங்கிலும் அப்படியே. கரூர் வைஸ்யா பாங்கின் பதிவுப் பெயரில் 'தி' இருக்கிறது. பழைய கம்பெனிகள், கூட்டுறவு சொசைட்டிகள் பலவற்றிலும் இருக்கும்.

சட்டங்களைக்கூடப் பாருங்கள். 2024 ஜூலை 1 முதல் இந்தியன் பீனல் கோடு போய்ப் புதுச் சட்டம் வந்துவிட்டது. பெயர் சமஸ்கிருதம். ஆனால் இங்கிலீஷ் பிரதியில் தலைப்பு 'தி பாரதிய நியாய சன்ஹிதா, 2023'. சமஸ்கிருதத்துக்கும் முன்னால் 'தி' போய் உட்கார்ந்துவிட்டது!

நம் தமிழ்நாட்டிலேயே ஒரு ஜில்லாவுக்கு 'தி' உண்டு. எது தெரியுமா? நீலகிரி. இங்கிலீஷில் அரசாங்கக் கணக்கில் அது 'தி நீல்கிரிஸ்'. 2011 ஜனத்தொகைக் கணக்கிலும் அப்படியே. குஜராத்தில் 'தி டாங்ஸ்' என்று இன்னொரு ஜில்லா இருக்கிறது.

இதனால் ஒருமுறை நான் பட்ட பாடு! ஆன்லைனில் ஒருவருக்கு விண்ணப்பம் போட்டுக்கொண்டிருந்தேன். சொந்த ஜில்லா நீலகிரி. பட்டியலில் 'என்' எழுத்துக்குப் போனால் நாகப்பட்டினம் இருக்கிறது, நாமக்கல் இருக்கிறது, நீலகிரியைக் காணோம். "எங்க ஜில்லாவையே எடுத்துட்டாங்களா சார்?" என்று அவர் பதறிப்போனார். கடைசியில் 'டி' எழுத்தில், தேனிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தது. டி, எச், இ, என், ஐ என்று தேனியை எழுதிப் பாருங்கள். பிறகு 'தி நீல்கிரிஸ்' என்று எழுதிப் பாருங்கள். முதல் ஐந்து எழுத்தும் ஒன்றே! ஊட்டிக் குளிரும் தேனி வெயிலும் கம்ப்யூட்டரில் பக்கத்து வீடு.

தமிழில் ஒரு 'தி'

பத்திரிகைகளைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது. சென்னையில் 1878-ல் தொடங்கியது 'தி ஹிண்டு'. 'தி' அந்தப் பெயரிலேயே சேர்ந்தது. 'ஐ ரீட் ஹிண்டு' என்றால் பத்திரிகையைச் சொன்னதாகாது. நம் பெங்களூரில் 1948-ல் தொடங்கிய 'டெக்கான் ஹெரால்டு' தலைப்பில் 'தி' இல்லை. 'தி டைம்ஸ் ஆஃப் இந்தியா'வில் இருக்கிறது. எல்லாம் வைத்தவர் இஷ்டம்.

2013 செப்டம்பரில் அந்தச் சென்னைக் குழுமமே தமிழில் ஒரு நாளிதழ் தொடங்கியது. பெயர் 'தி இந்து'! தமிழ்ப் பத்திரிகைக்கு இங்கிலீஷ் 'தி' எதற்கு என்று அப்போது பலர் கேட்டார்கள். எனக்கு இதில் ஒரு நுணுக்கம் தோன்றுகிறது. இங்கிலீஷில் உயிரொலிக்கு முன்னால்தான் 'தி' என்று ஒலிக்க வேண்டும். மெய்யொலிக்கு முன்னால் அது ஏறக்குறைய 'த'. 'த பெங்களூர் மெயில்', 'தி ஐலண்ட் எக்ஸ்பிரஸ்' என்று சொல்லிப் பார்த்தால் வித்தியாசம் தெரியும். 'ஹிண்டு' மெய்யில் தொடங்குகிறது, ஆகவே இங்கிலீஷில் 'த ஹிண்டு'. தமிழில் 'இந்து' உயிரில் தொடங்குகிறது, ஆகவே 'தி இந்து' என்பது இங்கிலீஷ் இலக்கணப்படியும் பொருந்தித்தான் இருந்தது! பிறகு 2018-ல் அது 'இந்து தமிழ் திசை' ஆயிற்று. முன்னால் இருந்த 'தி' போய், பின்னால் 'திசை' வந்தது.

துணிக்கடை விளம்பரத்தில் 'தி சென்னை சில்க்ஸ்' என்று தமிழில் எழுதியிருப்பதைப் பார்த்து, தி.மு.க., தி.நகர் மாதிரி அதுவும் ஏதோ இனிஷியல் என்று என் சின்ன மகள் நினைத்துக்கொண்டிருந்தாள். 'தி'ன்னா விரிவு என்னப்பா என்று கேட்டாள். இனிஷியல் இல்லை என்று புரியவைப்பதற்குள் இட்லி ஆறிவிட்டது.

ஆளுக்குப் போடலாமா?

ஆள் பெயருக்கு 'தி' கிடையாது. விண்ணப்பத்தில் 'தி முருகன்' என்று எழுதவே கூடாது. ஆனால் குடும்பம் முழுவதையும் சேர்த்துச் சொன்னால் வரும். டாட்டா குடும்பத்தார் 'தி டாட்டாஸ்'. மைசூர் ராஜ வம்சத்தார் 'தி வோடெயார்ஸ்'. ஒரே பெயரில் இரண்டு பேர் இருந்து, எவர் என்று குறிக்க வேண்டுமானாலும் வரும். கூட்ஸ் ஷெட்டில் இருக்கும் முருகன், பார்சல் ஆபீசில் இருக்கும் முருகன் என்று பிரித்துச் சொல்லும்போது.

இன்னொரு இடமும் உண்டு. அப்போது 'தீ' என்று நீட்டிச் சொல்ல வேண்டும். இதே பெங்களூரில் சிவாஜிராவ் என்ற பெயரில் ஒருவர் சிட்டி பஸ்ஸில் கண்டக்டராக இருந்தார். அந்தக் காலத்தில் அவரோடு வேலை பார்த்த ஒருவர், "ரஜினிகாந்த் எனக்குத் தெரிந்தவர்" என்று இங்கிலீஷில் சொன்னால், கேட்கிறவர் கண்ணை அகல விரித்து, "தீ ரஜினிகாந்த்?" என்பார். உலகத்துக்கே தெரிந்த அந்த ரஜினிகாந்தா என்று அர்த்தம். கண்டக்டர் சிவாஜிராவுக்கு யாரும் 'தீ' போட்டிருக்க மாட்டார்கள்.

புதுச் செக்

பெரியவரிடமிருந்து வந்த மறுநாளே நண்பருக்குப் புதுச் செக் எழுதினேன். இந்தமுறை பாஸ் புக்கை மட்டும் நம்பவில்லை. சொசைட்டிக்கே போய், வாசல் பலகையையும் ரசீதில் இருந்த ரப்பர் ஸ்டாம்பையும் பார்த்து, ஒவ்வொரு எழுத்தாக எழுதினேன். 'தி' முன்னால், பெரிய எழுத்தில். அபராத வட்டியைக் குறைக்கச் சொல்லிக் கேட்டோம். விதியில் இடமில்லை என்று சொல்லிவிட்டார்கள். பாதியை நான் கொடுக்கிறேன் என்றேன். நண்பர் வாங்க மறுத்துவிட்டார்.

லேத் ஓட்டுகிறவரைப் பார்க்க நானும் கூடவே பட்டறைக்குப் போனேன். மதியச் சாப்பாட்டு நேரம். பழைய செக், பாங்க் சீட்டு, புதுச் செக்கின் ரசீது மூன்றையும் அவர் முன்னால் வைத்து, தவறு என்னுடையது, இவர் நாளுக்கு முன்பே செக் கொடுத்துவிட்டார் என்று விளக்கினேன். அவர் சீட்டை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கையில் கிரீஸ். சீட்டு முழுக்கக் கறை.

"இந்த மூணு எழுத்துக்கா?" என்றார். பிறகு சாப்பாட்டுத் தூக்கை எடுத்துக்கொண்டு பழைய பெஞ்சுக்கு வந்து உட்கார்ந்தார். எனக்கும் ஒரு மூடியில் புளிச்சோறு கிடைத்தது.

போன வாரம் ஃபிட்டர் நண்பர் மறுபடி வந்தார். ஊரில் இருக்கும் அண்ணனுக்கு ஏதோ பத்திரம் தபாலில் அனுப்ப வேண்டும். கவரை நீட்டி, இங்கிலீஷில் விலாசம் எழுதச் சொன்னார். நான் பேனாவைத் திறந்ததும் கையைப் பிடித்துக்கொண்டார்.

"அண்ணே, திருவண்ணாமலைக்கு முன்னாடி 'தி' உண்டா?"

"வேண்டாம் தம்பி. திருவண்ணாமலையில் முதல் எழுத்தே 'தி'தான்" என்றேன்.